காலில் உறைந்த ரத்தம்: மருந்தின் பங்கு, உடலின் பங்கு, காலத்தின் கணக்கு

1960ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த பாரிட், ஜோர்டன் என்ற இரு மருத்துவர்கள் எழுதிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டதாகக் கருதப்பட்ட 35 நோயாளிகளை அவர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியிருந்தார்கள். 16 பேருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தரப்பட்டது. மற்ற 19 பேருக்குத் தரப்படவில்லை. மருந்து பெறாதவர்களில் 5 பேர் அந்த அடைப்பாலேயே இறந்தார்கள். இன்னும் 5 பேருக்கு அடைப்பு திரும்ப வந்தது, ஆனால் உயிர் பிழைத்தார்கள். மருந்து பெற்றவர்களில் அடைப்பால் இறந்தவர் ஒருவரும் இல்லை. இதற்கு மேலும் பாதிப் பேருக்கு மருந்தை மறுப்பது முறையாகாது என்று அவர்கள் குலுக்கலை நிறுத்திவிட்டார்கள்.

இன்றைய அளவுகோலில் அது மிகச் சிறிய சோதனை. ஸ்கேன் வசதி இல்லாத காலம். நோயைப் பெரும்பாலும் அறிகுறிகளை வைத்தே கணித்தார்கள். ஆனாலும் கால் சிரைகளில் ரத்தம் உறைவதற்கும், அந்த உறைவு உடைந்து நுரையீரலை அடைப்பதற்கும் இன்று உலகெங்கும் தரப்படும் சிகிச்சைக்கு அஸ்திவாரம் அங்கேதான் விழுந்தது. அதில் தரப்பட்ட மருந்துகள் இரண்டு. ஒன்று ஹெப்பாரின் ஊசி. மற்றொன்று நிக்குமலோன் மாத்திரை. அசினோகூமரால் என்ற பெயரில் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் விற்கப்படுவது அதே மாத்திரைதான்.

இந்த மருந்துகள் எதுவும் உறைந்த ரத்தக்கட்டியைக் கரைப்பதில்லை. கட்டி மேலும் வளராமல், புதிதாக ஒன்று உருவாகாமல் தடுத்துவைப்பதே அவற்றின் வேலை. கரைக்கும் வேலையை உடல் தானே, தன் வேகத்தில், வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் செய்கிறது. ஆகவே இந்நோயின் சிகிச்சை என்பது அடிப்படையில் உடலுக்குப் பாதுகாப்பான அவகாசம் பெற்றுத் தருவது. இதை மனத்தில் கொண்டால், கடந்த முப்பது ஆண்டுகளின் ஆய்வு முடிவுகள் பலவற்றைப் புரிந்துகொள்ளலாம். அதைவிட முக்கியமாக, நோயாளி தன் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

உறைவு எங்கே தொடங்குகிறது

ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைவதற்கான காரணங்களை ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரால் மூன்றாகச் சொல்வது மரபு: ஓட்டம் தேங்குதல், குழாய்ச் சுவர் காயப்படுதல், ரத்தத்தின் உறையும் தன்மை கூடுதல். கால் சிரைகளில் முதல் காரணம் எளிதில் அமைந்துவிடுகிறது. அங்கிருந்து ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரைகளை அழுத்தி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. தசை அசையாமல் கிடந்தால் வால்வுகளின் மடிப்புக்குள் ரத்தம் தேங்கும். பெரும்பாலான உறைவுகள் அந்த இடங்களில்தான் கருக்கொள்கின்றன.

இரண்டாம் உலகப்போரில் லண்டன் மீது குண்டு விழுந்த 1940இல், பதுங்குமிடங்களில் இரவு முழுவதும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கழித்தவர்கள் சிலர் நுரையீரல் அடைப்பால் திடீரென இறந்ததை கீத் சிம்ப்சன் என்ற தடயவியல் மருத்துவர் பதிவுசெய்தார். நாற்காலியின் முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தியதும், மணிக்கணக்கான அசைவின்மையும் சேர்ந்து விளைந்தது அது. நெடுந்தூர விமானப் பயணிகளைப் பற்றி இன்று பேசப்படும் எச்சரிக்கைக்கு அது முன்னோடி.

ஆனாலும் பயணத்தைவிடப் பெரிய காரணங்கள் மருத்துவமனைக்குள்ளேதான் உள்ளன: இடுப்பு, முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைகள், எலும்பு முறிவு, புற்றுநோய், கடும் நோயால் படுக்கையில் கிடப்பது. மகப்பேறும், பேற்றுக்குப் பிந்தைய ஆறு வாரங்களும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளும், பரம்பரையாக வரும் சில ரத்தக் குறைபாடுகளும் இந்தப் பட்டியலில் சேரும். உறைவு இடது காலில் சற்று அதிகம் வருவதற்கு உடற்கூறே காரணம். இடது காலின் பெருஞ்சிரை இடுப்புக்குள் வலப்பக்கத் தமனிக்கு அடியில் செல்கிறது. தமனி அதை முதுகெலும்போடு சேர்த்து அழுத்துகிறது. கர்ப்பிணிகளிடம் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

இது மேலைநாட்டவர் நோய், இந்தியர்களுக்கு அரிது என்ற எண்ணம் மருத்துவர்களிடையேகூட நெடுங்காலம் இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 1996 முதல் 2005 வரையிலான தங்கள் பதிவேடுகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரை அந்த எண்ணத்தை அசைத்தது. உள்நோயாளிகளாகச் சேர்ந்த ஒவ்வொரு 10,000 பேரிலும் ஏறத்தாழ 17 பேருக்கு ஆழ்சிரை உறைவு, அதாவது ஆழத்தில் உள்ள சிரைகளில் ரத்தம் உறைவது, உறுதிசெய்யப்பட்டிருந்தது. புற்றுநோயும் அறுவை சிகிச்சையும் முதன்மைக் காரணங்களாக இருந்தன. தேடிப் பார்த்தால் தென்படும் நோய் இது.

ஐயமும் உறுதியும்

ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்காலில் வலி, சூடு, நிறம் மாறிச் சிவத்தல் ஆகியவை முதல் அடையாளங்கள். இவை எல்லாம் தசைப்பிடிப்பிலும் வரும், தோலடித் தொற்றிலும் வரும். யானைக்கால் நோயை அறிந்த ஊர்களில் வீங்கிய காலைப் பார்த்ததும் அந்த எண்ணம் எழுவதும் இயல்பு. எண்ணெய் தடவி உருவிவிடுவது நம் வீடுகளில் உடனே செய்யும் கைவைத்தியம். காரணம் தெரியாமல் ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் அதைச் செய்யக் கூடாது. அழுத்தித் தேய்த்ததால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்ற நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன.

பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று பார்க்கும் ஹோமன்ஸ் சோதனையைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் கற்றார்கள். அதை நம்பி நோயை உறுதிசெய்யவோ மறுக்கவோ முடியாது என்பது பின்னால் தெரிந்தது. இன்றைய வழி படிப்படியானது. கனடாவின் பிலிப் வெல்ஸ் குழு 1990களில் வகுத்த மதிப்பெண் முறைப்படி முதலில் ஐயத்தின் அளவு கணிக்கப்படுகிறது. இரு கெண்டைக்கால்களின் சுற்றளவில் 3 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருப்பது அதில் ஒரு மதிப்பெண். ஐயம் குறைவாக இருந்து, டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையும் இயல்பாக இருந்தால் நோய் இல்லை என்று அனுப்பிவிடலாம். டி-டைமர் கூடியிருந்தால் அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது. கர்ப்பம், தொற்று, அறுவை சிகிச்சை, முதுமை எல்லாவற்றிலும் அது கூடும்.

உறுதி தருவது டாப்ளர் ஸ்கேன். கருவியால் அழுத்தும்போது நல்ல சிரை தட்டையாக ஒடுங்கிவிடும். உள்ளே கட்டி இருந்தால் ஒடுங்காது. முழங்காலுக்கு மேலே, தொடை அல்லது இடுப்புச் சிரையில் இருக்கும் உறைவே நுரையீரலுக்குப் போகும் அபாயம் மிக்கது. முழங்காலுக்குக் கீழே மட்டும் சிறிதாக இருந்து, அறிகுறிகளும் கடுமையாக இல்லையென்றால், சிலருக்கு மருந்தைத் தொடங்காமல் இரண்டு வாரம் ஸ்கேன் மூலம் கண்காணிப்பதும் ஏற்கப்பட்ட வழி.

தடுத்துவைக்கும் மருந்துகள்

ஹெப்பாரின் 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவரின் கையில் அகப்பட்டது. அவர் தேடியது ரத்தத்தை உறையவைக்கும் பொருளை. கிடைத்தது உறைவதைத் தடுக்கும் பொருள். வார்ஃபரினின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் என்ற தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் கசிந்து இறந்தன. 1933இல் ஒரு விவசாயி செத்த கிடாரியையும் உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும் ஏற்றிக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே கார்ல் லிங்க் குழு 1939இல் அந்த நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்து, 1954இல் மனிதருக்கான மருந்தாக அனுமதி பெற்றது.

வார்ஃபரினும் அசினோகூமராலும் வைட்டமின் கேயின் துணையோடு கல்லீரல் உருவாக்கும் உறைவுக் காரணிகளைக் குறைக்கின்றன. இதில் ஒரு சிக்கல் உண்டு. உறைவைக் கட்டுப்படுத்தும் ‘புரதம் சி’ என்ற இயற்கைத் தடுப்பும் வைட்டமின் கேயைச் சார்ந்தது. அது உறைவுக் காரணிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்பே குறைந்துவிடுகிறது. ஆகவே முதல் சில நாட்கள் மாத்திரை மட்டும் கொடுத்தால் உறைவு கூடவும் வாய்ப்புண்டு. குறைந்தது ஐந்து நாட்கள் ஹெப்பாரின் ஊசியையும் சேர்த்துப் போட்டு, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் குறிக்கும் ஐ.என்.ஆர். என்ற அளவு 2க்கு மேல் நிலைத்தபிறகே ஊசியை நிறுத்துவது இதனால்தான். பிறகும் அந்த அளவு 2க்கும் 3க்கும் இடையே இருக்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் கசியும்.

சிகிச்சையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது குறைந்த மூலக்கூறு எடை கொண்ட ஹெப்பாரின். எனாக்ஸாபரின் அந்த வகையைச் சேர்ந்தது. சொட்டு மருந்தாக ஏற்றி அடிக்கடி ரத்தம் சோதிக்கத் தேவையில்லாமல், உடல் எடைக்கேற்ப வயிற்றுத் தோலுக்கடியில் போட்டுக்கொள்ளலாம். வீட்டிலிருந்தே இந்த ஊசியால் சிகிச்சை பெறுவது மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஈடானது என்பதை 1996இல் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின.

அடுத்த மாற்றம் 2009க்குப் பிறகு வந்தது. டாபிகட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான், எடோக்ஸபான் ஆகியவை உறைவுச் சங்கிலியின் ஒரே கண்ணியை நேரடியாகத் தடுக்கும் மாத்திரைகள். இவற்றுக்கு ஐ.என்.ஆர். சோதனை தேவையில்லை. 2013இல் வெளியான ஆம்ப்ளிஃபை ஆய்வில் உறைவு திரும்பிய விகிதம் அபிக்ஸபான் பிரிவில் 2.3 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 2.7 சதவீதம். பெரிய ரத்தக்கசிவோ 0.6 சதவீதத்துக்கு எதிராக 1.8 சதவீதம். பலன் ஏறத்தாழ ஒன்றே, கசிவு மூன்றிலொரு பங்கு. ஐ.என்.ஆர். பார்க்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி நகரத்துக்கு வர வேண்டிய நோயாளிக்கு, சோதனை வேண்டாத மருந்து எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இவ்வகை மருந்தைத் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. காப்புரிமைகள் காலாவதியானதும் இந்தியாவில் பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கி விலை இறங்கியது.

கட்டியை எடுத்துவிட்டால் என்ன?

அடைத்துக்கொண்டிருப்பதை அகற்றிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றுவது இயல்பு. மருத்துவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. காரணமும் வலுவானது. தொடைச் சிரையில் உறைவு வந்தவர்களில் 20 முதல் 50 சதவீதம் பேருக்கு, மருந்து முறையாக எடுத்தும், வால்வுகள் சேதமடைந்து காலில் நாள்பட்ட வீக்கம், கனம், தோல் கருத்தல், சிலருக்கு ஆறாத புண் என்று தொடர்கிறது. கட்டியைச் சீக்கிரம் கரைத்தால் வால்வுகளைக் காக்கலாம் என்ற நம்பிக்கையில், மெல்லிய குழாயைச் சிரைக்குள் செலுத்திக் கரைப்பு மருந்தைக் கட்டியின் மேலேயே பாய்ச்சும் முறை வந்தது. 692 நோயாளிகளைக் கொண்டு 2017இல் வெளியான அமெரிக்காவின் அட்ராக்ட் ஆய்வு இதைச் சோதித்தது. இரண்டாண்டுக்குள் நாள்பட்ட பாதிப்பு வந்தவர்கள் அந்த முறையில் 47 சதவீதம், வெறும் உறைவுத் தடுப்பு மருந்தில் 48 சதவீதம். முதல் பத்து நாட்களில் பெரிய ரத்தக்கசிவு மட்டும் 0.3லிருந்து 1.7 சதவீதமாக உயர்ந்தது. கால் நீலம் பாரித்து அழுகும் நிலை, நுரையீரல் அடைப்பால் ரத்த அழுத்தம் சரியும் நிலை போன்றவற்றில் கரைப்பு மருந்து உயிரையும் உறுப்பையும் காக்கும். மற்றவர்களுக்கு வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்பதே ஆய்வு சொல்வது.

வடிகட்டியின் கதையும் இப்படியே. வயிற்றுப் பெருஞ்சிரையில் உலோக வலை ஒன்றைப் பொருத்தினால் பெயர்ந்துவரும் கட்டி அதில் சிக்கிக்கொள்ளும் என்பது எண்ணம். 1998இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு, அது தொடக்கத்தில் நுரையீரல் அடைப்பைக் குறைத்தாலும் இரண்டாண்டில் காலில் மீண்டும் உறைவதைக் கூட்டுகிறது என்று காட்டியது: வலை பொருத்தியவர்களில் 20.8 சதவீதம், பொருத்தாதவர்களில் 11.6 சதவீதம். ரத்தக்கசிவு இருப்பதால் மருந்தே தர முடியாதவர்களுக்குத்தான் வடிகட்டி. அதையும் தேவை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

இறுக்கமான காலுறை இரண்டாண்டு போட வேண்டும் என்பது நெடுநாள் விதி. போலிக் காலுறையோடு ஒப்பிட்டு 2014இல் கனடா மருத்துவர்கள் நடத்திய சாக்ஸ் ஆய்வில், உண்மையான காலுறை நாள்பட்ட பாதிப்பைத் தடுக்கவில்லை. வீக்கமும் கனமும் குறைந்து இதமாக இருந்தால் அணியலாம். அணியாவிட்டால் ஆபத்து என்று அஞ்ச வேண்டாம். நோயாளியை அசையாமல் படுக்கவைக்கும் பழைய வழக்கமும் போய்விட்டது. மருந்து தொடங்கியபின் வலி பொறுக்கும் அளவுக்கு நடப்பதால் கட்டி பெயர்வதில்லை.

எவ்வளவு காலம்?

முதல் மூன்று மாதம் மருந்து ஏறக்குறைய எல்லோருக்கும் கட்டாயம். அதன்பின் நிறுத்துவதா, தொடர்வதா என்பதே சிகிச்சையின் மையக் கேள்வி. விடை, உறைவு ஏன் வந்தது என்பதைப் பொறுத்தது. அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு போன்று வந்துபோகும் பெரிய காரணம் இருந்தால் மூன்று மாதத்தில் நிறுத்தலாம். திரும்பி வரும் வாய்ப்பு குறைவு. வெளிப்படையான காரணமே இல்லாமல் வந்திருந்தால் நிலைமை வேறு. 7,515 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வின்படி, இவர்கள் மருந்தை நிறுத்தினால் முதலாண்டில் 10 சதவீதம் பேருக்கும், ஐந்தாண்டில் 25 சதவீதம் பேருக்கும், பத்தாண்டில் 36 சதவீதம் பேருக்கும் உறைவு திரும்புகிறது. அப்படித் திரும்பியவர்களில் சுமார் 4 சதவீதம் பேர் இறக்கிறார்கள்.

தராசின் மறுதட்டில் ரத்தக்கசிவு. நீண்டகாலம் மருந்து எடுப்பவர்களில் ஆண்டுக்கு 100 பேரில் பெரிய கசிவு காண்பவர்கள் வார்ஃபரின் வகையில் 1.74, புதிய மாத்திரைகளில் 1.12 என்று 2021இன் தொகுப்பாய்வு கணக்கிட்டது. எண்ணிக்கை சிறிது, ஆனால் அவர்களில் 8 முதல் 10 சதவீதம் பேர் இறக்கிறார்கள். ஒரு பெரிய கசிவு, ஒரு மறு உறைவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உயிர்க்கொல்லி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், காரணமில்லாமல் உறைந்த, கசிவு அபாயம் குறைந்த ஐம்பது வயதுக்காரருக்கு மருந்தைத் தொடர்வதில் லாபம் தெரிகிறது. அறுபத்தைந்தைக் கடந்தவர், சிறுநீரகம் பழுதுபட்டவர், முன்பு ரத்தக்கசிவு கண்டவர், இதயத்துக்காக ஆஸ்பிரினும் எடுப்பவர் ஆகியோருக்குத் தட்டு மறுபக்கம் சாயலாம்.

நடுவழி ஒன்றும் இப்போது உண்டு. ஆறு மாத முழுச் சிகிச்சைக்குப் பின் அபிக்ஸபானைப் பாதி அளவாக, நாளுக்கு இருமுறை 2.5 மில்லிகிராம் மட்டும் தொடர்ந்தாலும் உறைவு திரும்புவது வெகுவாகக் குறைவதாக 2013இல் தெரிந்தது. 2017இன் ஆய்வொன்றில் 10 மில்லிகிராம் ரிவராக்ஸபான் எடுத்தவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும், ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 4.4 சதவீதம் பேருக்கும் உறைவு திரும்பியது. ஆஸ்பிரின் இங்கே சரியான மாற்று இல்லை.

மூன்று நிலைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஹெப்பாரின் ஊசி மட்டுமே. வார்ஃபரின் கருவைப் பாதிக்கும், புதிய மாத்திரைகளும் கூடாது. புற்றுநோய் இருந்தால், நோய் தீவிரமாக இருக்கும்வரை அல்லது அதற்கான சிகிச்சை நடக்கும்வரை உறைவுத் தடுப்பு மருந்து தொடரும். ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் எதிர்ப்பொருட்கள் உடலில் உருவாகும் ஆன்டிபாஸ்ஃபோலிப்பிட் நோய் உறுதியானவர்களுக்கு, குறிப்பாக அதற்கான மூன்று ரத்தச் சோதனைகளும் நேர்மறையாக இருப்பவர்களுக்கு, புதிய மாத்திரைகளுள் ஒன்றான ரிவராக்ஸபானைவிட வார்ஃபரினே பாதுகாப்பு என்று 2018இன் ஆய்வு காட்டியது. இளம் வயதிலேயே காரணமில்லாமல் உறைவு வந்தவர்களுக்கும், கரு மீண்டும் மீண்டும் கலைந்த பெண்களுக்கும் இந்தச் சோதனையைச் செய்துபார்ப்பது இதனால்தான் அவசியமாகிறது.

மருந்தோடு வாழும் நாட்கள்

புதிய மாத்திரைகளில் இரண்டின் முதல் கட்ட அளவு அதிகம்: ரிவராக்ஸபான் முதல் 21 நாட்களும், அபிக்ஸபான் முதல் 7 நாட்களும் கூடுதலாகத் தரப்பட்டுப் பிறகு குறைக்கப்படும். இந்த மாறும் நாளைச் சீட்டில் தேதியாகவே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. ரிவராக்ஸபானின் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு எடுத்தால்தான் முழுமையாக உட்கிரகிக்கப்படும். இவற்றின் வேலை ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடுவதால் ஒரு வேளை தவறினாலும் பாதுகாப்பு குறையும்.

வார்ஃபரின், அசினோகூமரால் எடுப்பவர்கள் கீரையை விலக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். மருந்தின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென நாள்தோறும் முருங்கைக்கீரை என்று மாறினால்தான் ஐ.என்.ஆர். தடுமாறும். மற்ற மருந்துகள் இன்னும் பெரிய சிக்கல். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல் ஆகியவை வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வார்ஃபரினையும் புதிய மாத்திரைகளையும் வலுவிழக்கச் செய்யும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இதைக் கேட்காமல் சீட்டு எழுதக் கூடாது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகைகள் கசிவைக் கூட்டும். பல் பிடுங்கும்போதும் வேறு எந்தச் சிகிச்சையின்போதும் இந்த மருந்து எடுப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். மலம் கருத்துப் போவது, நிற்காத ரத்தக்கசிவு, தலையில் அடிபடுவது ஆகியவையும் அப்படியே. வெளியே காயம் தெரியாத தலையடிகூட இம்மருந்து எடுப்பவருக்குச் சாதாரணமல்ல.

1960இல் 35 பேரிடம் தொடங்கிய இந்த அறிவு இன்று ஆயிரக்கணக்கானவர்களின் விவரங்களோடு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. நல்ல மருந்துகள் இருக்கின்றன, அவற்றைத் தேர்ந்தெடுப்பது பெரிதும் தீர்ந்த கேள்வி. தீராதது கால அளவு. அது ஸ்கேனில் தெரிவதில்லை. உறைவின் காரணத்தையும் கசிவின் அபாயத்தையும் நோயாளியின் விருப்பத்தையும் சேர்த்து எடைபோட்டு எடுக்கும் முடிவு. வயதோ உடல்நிலையோ மாறும்போது அந்த முடிவும் மாற வேண்டியிருக்கும். ஆகவே மருந்துச் சீட்டில் பெயரும் அளவும் மட்டும் இருந்தால் போதாது. எதனால் வந்தது, எந்தத் தேதியில் மறுபடி கணக்குப் பார்க்கப்படும் என்ற இரண்டும் எழுதப்பட வேண்டும். மூன்று மாதத்தில் நிறுத்த வேண்டியவர் ஆண்டுக்கணக்கில் கசிவின் அபாயத்தைச் சுமப்பதும், தொடர வேண்டியவர் கால் வீக்கம் வற்றியதும் தானாகவே நிறுத்திவிடுவதும் அந்த இரண்டு வரிகள் இல்லாதபோதுதான் நேர்கின்றன.